சம்பளத் துண்டு

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"ஐரோப்பாவில் வேலைவாய்ப்பு, தொழில் உறவுகள், சமூக உள்வாங்கல்: ஆய்வுகள் என்ன சொல்கின்றன?" இதுதான் எனக்குச் செயலாளர் தம்பி தந்த தலைப்பு. ஒரே மூச்சில் வாசிக்க முடியாத தலைப்பு. வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி கேட்டா, "நீங்கள் கோப்பை கழுவின கதையைத்தானே சொல்லப்போறியள்?" ஓம், அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் என்ர மகள் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவ. அவ வீட்டில் விட்டுவிட்டுப் போன புத்தகங்களை இந்த நாலைந்து வருடமாக அகராதியோடு இருந்து வாசித்து வருகிறேன். கோப்பை கழுவின கையால் புரட்டின பக்கங்கள் என்றபடியால், நான் விளங்கிக்கொண்ட விதம் கொஞ்சம் வேறாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் பாரிசுக்கு வந்தது 1988இல். அப்போது எனக்கு வயது 22. அகதி விண்ணப்பம் கொடுத்த கையோடு வேலைசெய்யும் உரிமையுள்ள தற்காலிக அனுமதிப் பத்திரமும் கிடைத்தது. அந்தக் காலத்தில் நடைமுறை அப்படி. ஒரு மாதத்துக்குள் ஒரு பெரிய ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிற வேலை. "பிளோஞ்" என்று சொல்லுவார்கள், அதற்கு "மூழ்குதல்" என்ற கருத்தும் உண்டு. சொல் சரியாகத்தான் இருந்தது. நிலத்துக்குக் கீழே குசினி, யன்னல் இல்லை, இயந்திரம் திறக்கிற நேரமெல்லாம் முகத்தில் ஆவி. பீங்கானை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், அடிப்பிடித்த சட்டிகளை நாங்கள்தான் பார்க்கவேண்டும். முதல்நாள் எனக்கு விளங்கின ஒரே பிரெஞ்சுச் சொல் "குசின்". போர்த்துக்கீசர் எங்களுக்கு விட்டுப்போன "குசினி" அன்றைக்கு உதவிக்கு வந்தது.

மாத முடிவில் காசோலையோடு ஒரு நீளமான காகிதம் தந்தார்கள். "பிஷ் து பே", சம்பளத் துண்டு. மேலே என்ர பெயரைப் பிழையாக எழுதியிருந்தது. கீழே வரிவரியாக வெட்டு. அதில் ஒரு வரியை எழுத்துக்கூட்டி, எங்களோடு அறையில் இருந்த படித்த அண்ணை ஒருவரிடம் கேட்டேன். "வியெய்யெஸ். முதுமை எண்டு அர்த்தம். உன்ர முதுமைக்குக் காசு வெட்டுறாங்கள்" என்றார். எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஒரு அறைக்குள் ஏழு பேர், ஊரில் சண்டை, அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று தெரியாது. இதில் முதுமை! அந்தக் காகிதத்தை எறியத்தான் போனேன். அண்ணைதான் "எறியாதை, பேணியிலை போட்டு வை" என்று பேசினார். ஒரு பிஸ்கற் பேணி இருந்தது, அதற்குள் போட்டேன். இன்றைக்கும் அந்தப் பேணி என்னிடம் இருக்கிறது. என்ர இன்றைய பேச்சு முழுக்க அந்தப் பேணிக்குள் இருக்கிற காகிதத்தைப் பற்றித்தான்.

இனி ஒரு திகதியைச் சொல்லவேண்டும். 1991 செப்ரெம்பர் 26. அன்றைக்கு வந்த ஒரு சுற்றுநிருபம் அகதி விண்ணப்பகாரர் தாமாகவே வேலைசெய்யலாம் என்றிருந்த நிலைமையை நிறுத்தியது. 1989இல் பிரான்சில் அகதி விண்ணப்பங்கள் 61,000ஐத் தாண்டியிருந்தன. வேலை கிடைக்கும் என்பதற்காகத்தான் ஆட்கள் வருகினம், அந்தக் கதவைச் சாத்தினால் வரத்து குறையும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. கதவு சாத்தப்பட்டது, குசினிக் கதவு சாத்தப்படவில்லை. சட்டி கழுவ ஆள் தேவைதானே. ஆட்கள் தொடர்ந்தும் வந்தார்கள், தொடர்ந்தும் வேலைசெய்தார்கள். நின்றுபோனது சம்பளத் துண்டு மட்டும்தான்.

என்ர சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, 1992இல் வந்தான். நாலு வருட வித்தியாசம். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், என்னைவிட நல்ல வேலைகாரன். எனக்கு அதற்குள் அகதி அந்தஸ்து கிடைத்து பத்து வருடக் காட்டும் வந்துவிட்டது. அவனுக்கு விண்ணப்பப் பத்திரம் மட்டும், அதில் வேலைசெய்ய உரிமை இல்லை. ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய கடன் வட்டியோடு ஏறிக்கொண்டிருந்தது. அப்போது நாங்கள் செய்ததை இந்தச் சபையில் பலர் செய்திருப்பீர்கள், கை உயர்த்தச் சொல்லமாட்டேன். என்ர காட்டைக் கொடுத்து இன்னொரு இடத்தில் என்ர பெயரில் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். வெள்ளைக்காரனுக்கு எங்கட முகங்களில் வித்தியாசம் தெரியாது என்ற துணிவு. இரண்டு வருடம் அப்படி ஓடியது. காகிதத்தின்படி பார்த்தால் நான் ஒரு நாளைக்குப் பதினாறு மணித்தியாலம், பாரிசின் இரண்டு மூலைகளில், ஒரே நேரத்தில் நின்று வேலைசெய்த மனிசன். வரிக் கடிதம் வந்தபோதுதான் முழிபிதுங்கியது. கூடின வரியை அவன் எனக்குத் தந்தான், அதோடு கணக்குத் தீர்ந்தது என்று இருவரும் நினைத்தோம்.

தீரவில்லை. அதைப் பிறகு சொல்லுறேன்.

றொபேர் கஸ்தெல் என்று ஒரு பிரெஞ்சுச் சமூகவியலாளர். 2013இல் காலமானார். 1995இல் அவர் எழுதிய பெரிய புத்தகம் ஒன்று கூலி வேலையின் வரலாற்றைச் சொல்கிறது. நான் அதை முழுதாக வாசித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன், பாதி வரைக்கும் போனேன். அவர் சொல்வதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். பழைய காலத்தில் கூலிக்கு வேலைசெய்பவன் என்றால் ஒன்றுமில்லாதவன், நாளைக்கு என்ன என்று தெரியாதவன். காணி பூமி உள்ளவனுக்குத்தான் பாதுகாப்பு. இருபதாம் நூற்றாண்டில்தான் இது மாறியது. நோய், விபத்து, வேலையிழப்பு, முதுமை எல்லாவற்றுக்கும் காப்புறுதியைக் கூலியோடு சேர்த்துக் கட்டினார்கள். காணி இல்லாதவனுக்கு வேலையே காணி உறுதி மாதிரி ஆகிவிட்டது. பிறகு எழுபதுகளின் நடுப்பகுதியில் இருந்து நிரந்தர வேலைகள் உடைய உடைய, அந்தப் பாதுகாப்பில் இருந்து ஆட்கள் வெளியே விழத் தொடங்கினார்கள். "சமூக விலக்கல்", "சமூக உள்வாங்கல்" என்று இன்றைக்கு ஐரோப்பா முழுக்கப் பேசுகிற சொற்கள் பரவியதும் இந்தக் காலத்தில்தான். 1988 டிசெம்பரில் பிரான்சில் குறைந்தபட்ச வருமானச் சட்டம் வந்தபோது, உதவித்தொகைக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே உள்வாங்கல் என்ற கருத்துள்ள சொல் இருந்தது.

நாங்கள் காணி உறுதியின் அருமை தெரிந்த சனம். ஊரில் வீடு உடைந்தாலும் உறுதியைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த தாய்மார் எங்களுக்கு இருந்தார்கள். அதே நாங்கள்தான் இங்கே சம்பளத் துண்டைக் குப்பையில் போட்டோம், அல்லது "துண்டு வேண்டாம் பத்ரோன், அந்தக் காசைக் கையிலை தாங்கோ" என்று கேட்டு வாங்கினோம். வரி குறையும், கடன் கெதியாக முடியும் என்ற கணக்கு. முப்பது வருடத்துக்குப் பிறகு வரப்போகிறதைப் பற்றி அப்போது யார் நினைத்தது? "சண்டை முடிய ஊருக்குப் போய்விடுவோம்" என்று சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தவர்கள் நாங்கள்.

சரி, ஆய்வாளர்கள் எங்களைப் பற்றி என்ன எழுதினார்கள்? நிறைய எழுதியிருக்கிறார்கள். சுவிசில் உள்ள எங்கட ஆட்களைப் பற்றி கிறிஸ்தோபர் மக்டவல் 1996இல் ஒரு புத்தகம் எழுதினார். நோர்வேயில் இருந்து ஓய்விந் ஃபுக்லெறுட் 1999இல் ஒன்று எழுதினார். இங்கே பாரிஸ் பகுதித் தமிழரைப் பற்றி 2004இல் அஞ்செலினா எத்தியம்பிள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே "அரசியலின் பிடி" என்று வருகிறது. லாச்சப்பலைப் பற்றி கயேல் தெக்கிறே எழுதியிருக்கிறார், அந்தோனி கொரோ-பொன்சோ புவியியல் நோக்கில் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வே செய்திருக்கிறார். எங்கட கடைப் பலகைகள், கோயில், தேர்த் திருவிழா, ஊர்ச் சங்கங்கள், இயக்கம், எல்லாம் எழுத்தில் ஏறியிருக்கின்றன. போர்க்காலம், அரசியலைக் கேட்காமல் விட முடியாது. அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் என்னையும் ஒருமுறை ஒரு மாணவி பேட்டி எடுத்தா. நல்ல பிள்ளை, தேநீர் குடித்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் இருந்தா. இயக்கத்தைப் பற்றிக் கேட்டா, கோயிலைப் பற்றிக் கேட்டா, சீதனத்தைப் பற்றியும் கேட்டா. என்ர குசினியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. போகும்போது நானே சொன்னேன்: "பிள்ளை, நான் இந்த நாட்டில் என்ர வாழ்க்கையில் பாதியைச் சட்டிக்கு முன்னாலைதான் நிண்டனான்." அவ சிரித்துவிட்டு அதையும் குறித்துக்கொண்டா. எங்கட பிள்ளைகள் யாராவது ஆராய்ச்சி செய்யப் போனால், லாச்சப்பல் பெயர்ப்பலகையைப் படம் எடுத்த பிறகு அப்படியே பின்பக்கக் கதவால் குசினிக்குள்ளும் இறங்கிப் பாருங்கோ. நோர்வேயின் வடகோடியில் பின்மார்க்கில் மீன் ஆலைகளிலும், சுவிசில் ரெஸ்ரோறன்றுகளிலும் நின்ற எங்கட சனத்தின் கதையும் அப்படித்தான் எழுதப்படவேண்டும்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். எங்கட கடைகளைப் பற்றி.

அமெரிக்காவில் 1980இல் கெனத் வில்சன், அலெஹாந்திரோ போர்ட்டஸ் என்ற இருவர் மயாமியில் உள்ள கியூபா அகதிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். தங்கட ஆட்களின் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலைசெய்கிற அகதி, வெளியில் போய் அடிமட்ட வேலை செய்கிற அகதியைவிடக் கெட்டுப்போகவில்லை, அவனுடைய படிப்புக்கும் அனுபவத்துக்கும் அங்கே பலன் இருக்கிறது என்று சொன்னார்கள். இது கேட்க நல்லாக இருந்தது. பிறகு 1987இல் ஜிம்மி சாண்டர்ஸ், விக்டர் நீ என்ற இருவர் கலிபோர்னியாச் சீனர்களையும் மயாமிக் கியூபர்களையும் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு கதை சொன்னார்கள். பலன் முதலாளிக்கு இருக்கிறது, அவனிடம் வேலைசெய்கிற தொழிலாளிக்கு அதே அளவு பலன் இல்லை. ஒரே சமூகம் என்று சொல்லி இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்குப் போடக்கூடாது என்றார்கள். இந்தச் சண்டை ஆய்வாளர்களுக்குள் கனகாலம் நடந்தது.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், ஃபோபூர் சென் தெனி தெருவில் காய்கறிப் பெட்டி இறக்குகிற ஒரு பெடியனைக் கேளுங்கோ என்றுதான் சொல்லுவேன். கடை வைத்தவர்களைக் குறைசொல்வது எனக்குச் சுலபம் இல்லை. அவர்களும் என்னைப் போலக் கோப்பை கழுவினவர்கள்தான். சீட்டுப் பிடித்து, மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கடை எடுத்தார்கள். இந்த நகரத்தில் கடை வாடகையும் கைமாற்றுக் காசும் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். நெதர்லாந்தில் குளூஸ்டர்மன், ராத் என்ற ஆய்வாளர்கள் தொண்ணூறுகளின் கடைசியில் எழுதியது இதைத்தான். குடியேறியவனின் கடையை அவனுடைய பண்பாட்டை மட்டும் வைத்து விளங்க முடியாது, வாடகை, சட்டம், சந்தை எல்லாம் அவனை எந்த மூலைக்குத் தள்ளுகிறது என்று பார்க்கவேண்டும். இலாபம் மெல்லிசான தொழிலில், எங்கே வெட்டலாம் என்று பார்த்தால் ஆட்கூலியில்தான் கை போகும். எல்லா ஆட்களையும் முறையாகப் பதிந்து, துண்டு கொடுத்து நடத்துகிற கடைக்காரரும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்துக் கடைக்காரன் பதியாமல் மலிவாக விற்கிறதால் எவ்வளவு நட்டம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் ஒரு விஷயம் எங்களுக்கே உரியது. பிரெஞ்சு முதலாளியை நாங்கள் "பத்ரோன்" என்று கூப்பிட்டோம். துண்டு கேட்க வெட்கம் இல்லை. எங்கட முதலாளியை "அண்ணை" என்று கூப்பிடுகிறோம். அண்ணையிடம் எப்படி ஒப்பந்தம் கேட்பது? அண்ணையின் மகளின் சாமத்தியச் சடங்குக்குப் போய் மொய் எழுதிவிட்டு, திங்கட்கிழமை போய் மேலதிக நேரத்துக்குக் காசு எங்கே என்று எப்படிக் கேட்பது? அவரும் "தம்பி, உன்னை நான் வேலைகாரனாவே பாக்கேல்லை" என்பார். அது மனதாரச் சொல்வதுதான். வேலைகாரனாகப் பார்க்காதபடியால்தான் சம்பளத் துண்டும் வரவில்லை.

சில வருடங்களுக்கு முதல் ஒரு பெடியன் என்னிடம் வந்தான். இருபத்தாறு வயது, அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவன். எங்கட ஆள் ஒருவரின் கடையில் ஆறு நாள் வேலை, நாளுக்குப் பதினொரு மணித்தியாலம். இரண்டு மாதச் சம்பளம் நிற்கிறது. கேட்டதற்கு "நாளைக்கு வராதை" என்று பதில். "அங்கிள், எனக்கு விசா இல்லை, என்னால் ஒண்டும் செய்யேலாதுதானே?" என்று கேட்டான். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாததால் எங்கட சனம் இழந்த காசைக் கூட்டினால் இந்த மண்டபத்தை வாங்கலாம்.

செய்யலாம். பிரான்சின் தொழிற் சட்டக்கோவையில், அனுமதி இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளியும் வேலைசெய்த காலத்துக்குச் சம்பளம், வேலைநேரம், விடுமுறை, பாதுகாப்பு விடயங்களில் முறையாகப் பதிந்த தொழிலாளிக்குச் சமம் என்று எழுதியிருக்கிறது. நிலுவைச் சம்பளத்தை மூன்று வருடம் வரைக்கும் பின்னோக்கிக் கேட்கலாம். நிறுத்தியது பிழை என்று வழக்காடுவதென்றால் பன்னிரண்டு மாதத்துக்குள் போகவேண்டும், அது கவனம். பதியாமல் மறைத்து வேலைவாங்கினது நிரூபிக்கப்பட்டால், வேலை முறிந்தபின் ஆறு மாதச் சம்பளம் இழப்பீடாகக் கேட்க இடம் இருக்கிறது. தொழில் பரிசோதகரிடம் முறைப்பாடு செய்தால், யார் முறையிட்டது என்று அவர் முதலாளிக்குச் சொல்லக்கூடாது.

இதற்காகத் தூரப் போகத் தேவையில்லை. "பிருதொம்" என்கிற தொழில் நீதிமன்றம், பாரிசுக்குரியது, லூயி பிளான் தெருவில் 27ஆம் இலக்கத்தில் இருக்கிறது. லாச்சப்பல் மெற்றோவில் இருந்து நடந்தே போகலாம். இடியப்பம் வாங்க வருகிற தூரம். நானே அந்தக் கட்டிடத்தைப் பல வருடம் பொலிஸ் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று நினைத்து மற்றப் பக்கத்தால் நடந்திருக்கிறேன். இந்த நீதிமன்ற முறை 1806இல், நெப்போலியன் காலத்தில், லியோன் பட்டுத் தொழிலுக்காகத் தொடங்கினது. நீதிபதி என்று கறுப்பு அங்கி போட்டவர் இல்லை. பாதிப்பேர் தொழிலாளர் தரப்பு, பாதிப்பேர் முதலாளி தரப்பு. முதலில் இருவரையும் இருத்திச் சமரசம் பேசுவார்கள். எங்கட ஊரில் இணக்கசபை என்று இருந்ததே, அது ஞாபகம் வரும்.

அந்தப் பெடியனிடம் துண்டு இல்லை. ஆனால் கைத்தொலைபேசி இருந்தது. "காலமை ஐஞ்சு மணிக்கு மரக்கறி லொறி வரும், வந்து நில்" என்று முதலாளி அனுப்பின தகவல்கள், கடைக்குள் நின்று எடுத்த படங்கள், கூட வேலைசெய்த ஒருவர் எழுதித் தந்த சாட்சிக் கடிதம். ஒரு தொழிற்சங்கத்தில் உதவினார்கள். நான் மொழிபெயர்க்கப் போனேன். சமரசத் தவணையில் முதலாளி என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். "அண்ணை, நீங்களுமோ?" என்றார். அவருடைய வீட்டுச் சோறு நான் சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கே இரண்டு மாதச் சம்பளத்துக்கும் அதற்கு மேல் ஒரு தொகைக்கும் இணங்கினார். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அவர் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, எனக்கும் அது மனவருத்தம்தான். பெடியன் அந்தக் காசில் முதலில் ஊரில் தாயின் கண் சத்திரசிகிச்சைக்கு அனுப்பினான்.

மற்றச் சமூகங்கள் இதைக் கூட்டமாகச் செய்தன. 2008 ஏப்ரல் 15ஆம் திகதி பாரிஸ் பகுதியில் விசா இல்லாத தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் தங்கட வேலையிடங்களிலேயே இருந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். செ.ஜே.தே. தொழிற்சங்கம் பின்னால் நின்றது. பல பேர் ரெஸ்ரோறன்ற் குசினிக்காரர். 2009 ஒக்ரோபரில் இரண்டாம் தடவை, தொகை ஆறாயிரம் வரைக்கும் போனது. பெரும்பாலும் மாலி, செனகல் போன்ற நாட்டுக்காரர். ஐந்து பேர் அவர்களோடேயே நின்று எழுதி 2011இல் ஒரு புத்தகம் வந்தது, அதன் தலைப்பின் கருத்து "இங்கே உழைக்கிறோம், இங்கேயே இருப்போம்" என்பது. அவர்கள் கையில் தூக்கிப் பிடித்தது என்ன தெரியுமோ? சம்பளத் துண்டு. சொந்தப் பெயரில், பொய்ப் பெயரில், இரவல் காட்டில், எந்தப் பெயரில் இருந்தாலும் "இந்த வேலையைச் செய்தது நான், வரி கட்டினது நான்" என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு 2012 நவம்பர் சுற்றுநிருபத்தில், ஐந்து வருடம் இங்கே இருந்து, கடைசி இருபத்துநாலு மாதத்தில் எட்டு மாத வேலையைக் காட்டினால் விசாவுக்குக் கேட்கலாம் என்று வந்தது. 2025 ஜனவரியில் அந்தச் சுற்றுநிருபத்தை நீக்கி விட்டார்கள். 2024 சட்டத்தில் ஆள்தட்டுப்பாடான தொழில்களுக்கு வேறு நிபந்தனை வந்தது. அமைச்சர் மாற நிபந்தனையும் மாறுகிறது, வேலைக்கு ஆதாரம் கேட்பது மட்டும் மாறவில்லை. அந்த நாட்களில் ஒரு வேலைநிறுத்த இடத்துக்கு நான் போய்ப் பார்த்தேன். எங்கட முகம் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு மாலிக்காரர் தேத்தண்ணி தந்துவிட்டு "உங்கட ஆக்கள் எங்கே?" என்று கேட்டார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

பெண்களையும் சொல்லவேண்டும். எங்கட சகோதரிகள் பலர் ஹோட்டல் அறை துப்புரவாக்குகிறார்கள், அலுவலகம் கூட்டுகிறார்கள், பெரும்பாலும் உபஒப்பந்தக் கொம்பனிகளில். 2019 ஜூலையில் பத்தினோல் பகுதி இபிஸ் ஹோட்டலில் அப்படி வேலைசெய்த இருபது பேரளவில், அநேகமாக ஆபிரிக்கப் பெண்கள், வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை அறை என்று விரட்டுவதைக் குறைக்கவேண்டும், சாப்பாட்டுப் படி வேண்டும் என்று. கொரோனாவும் நடுவில் வந்தது. இருபத்திரண்டு மாதம் தாக்குப்பிடித்து 2021 மேயில் உடன்பாடு கண்டார்கள். முன்னுக்கு நின்ற றஷெல் கெக்கே அடுத்த வருடம் நாடாளுமன்றத்துக்கே தெரிவானார். அறை கூட்டின பெண்!

இங்கே பிறந்த பிள்ளைகள் தங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்கலாம். 2021இல் தொழில் அமைச்சின் புள்ளிவிபரப் பிரிவு வெளியிட்ட ஒரு சோதனை ஆய்வு இருக்கிறது. ஒரே தகைமை, பெயர் மட்டும் வேறாக ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். வட ஆபிரிக்கப் பெயர் உள்ளவருக்குப் பதில் வருகிற வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எங்கட பெயர்களை அதில் சோதிக்கவில்லை. இருபது எழுத்துப் பெயரோடு விண்ணப்பம் போட்ட பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கோ.

இனித் தம்பியின் கதைக்கு வருகிறேன். அவனுக்குப் பிந்தி விசா கிடைத்தது, கலியாணம் கட்டினான், பிள்ளைகள் படித்து நல்லாக இருக்கிறார்கள். முழங்கால் தேய்ந்துவிட்டது. போன வருடம் ஓய்வூதியக் காரியாலயத்தில் இருந்து வேலைக்கால அறிக்கையை எடுத்துக்கொண்டு என்ர வீட்டுக்கு வந்தான். இங்கே ஓய்வூதியம் காலாண்டுக் கணக்கு. ஒரு வருடத்துக்கு ஆகக் கூடியது நாலு. முழு ஓய்வூதியத்துக்கு இப்போது நூற்றெழுபது அளவில் வேண்டும். 67 வயது வரைக்கும் பொறுத்தால் வீதக் குறைப்பு இல்லை, ஆனால் இருக்கிற காலாண்டுகளின் அளவுக்குத்தான் காசு. இரண்டு அறிக்கையையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தோம். என்னுடையதில் 1988இல் இருந்து வரிசையாக நாலு, நாலு, நாலு. அவனுடையதில் முதல் ஒன்பது வருடமும் வெறுமை. கையில் காசு வாங்கின காலமும் போனது, என்ர பெயரில் வேலைசெய்த காலமும் போனது. அந்த இரண்டு வருடமும் என்ர கணக்கில் விழுந்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு காலாண்டுகூடக் கூடவில்லை. எனக்குத்தான் வருடத்துக்கு நாலும் ஏற்கனவே நிரம்பியிருந்ததே. அவன் உழைத்த எட்டுக் காலாண்டு ஒருவருக்கும் இல்லாமல் போயிற்று.

அவன் என்னை ஒரு சொல் பேசவில்லை. "அண்ணை, நீங்கள் காட் தராட்டி அப்ப நான் றோட்டிலை" என்றான். அதுதான் எனக்கு இன்னும் கூடச் சுட்டது. ஒரே குசினி வேலை செய்த இரண்டு பேருக்கு நடுவில் 1991 செப்ரெம்பரில் ஒரு சுற்றுநிருபம் விழுந்தது. நான் திறமைசாலி என்பதாலோ அவன் பிழை செய்தான் என்பதாலோ இந்த வித்தியாசம் வரவில்லை. வயதானவர்களுக்கான குறைந்தபட்ச உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு, வருடத்தில் ஒன்பது மாதம் பிரான்சில் இருக்கவேண்டும். கடைசிக் காலத்தில் ஊரில் போய் ஆறு மாதம் இருப்போம் என்று நினைப்பவர்கள் இதை முதலே கேட்டறியுங்கோ.

சங்கத்தின் சார்பில் ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம். மே மாதத்தில் இருந்து மாதத்தின் முதலாம் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குச் சங்க அறையில் ஒரு மேசை போடுவோம். ஐம்பது வயது தாண்டியவர்கள் வேலைக்கால அறிக்கையைக் கொண்டுவாருங்கோ, எடுக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் கணினியில் எடுத்துத் தருவார்கள். பழைய சம்பளத் துண்டு எந்த நிலையில் இருந்தாலும் கொண்டுவாருங்கோ, எலி அரித்ததும் சரி. பெயர் பிழையாக எழுதப்பட்டதால், தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறினதால் விடுபட்ட காலாண்டுகள் எங்கட ஆட்களுக்கு நிறைய. அதைத் துண்டைக் காட்டித் திருத்தலாம். கடைக்காரச் சகோதரர்களும் வரலாம். ஆளைப் பதிய உண்மையில் எவ்வளவு செலவு, என்ன சலுகை என்று விளங்கப்படுத்தக் கணக்காளர் ஒருவர் வர இணங்கியிருக்கிறார்.

தம்பி இரவல் பெயரில் வேலைசெய்த அந்த ரெஸ்ரோறன்ற் எப்போதோ பூட்டுப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே அவனோடு நின்ற சமையற்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம், போர்த்துக்கல் மனிசன். "அது நீ இல்லை, இவன்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். என்ர பேணிக்குள் அந்த இரண்டு வருடத் துண்டுகளும் இருந்தன, அவனுக்கு வந்ததை அவன் என்னிடம்தான் தந்து வைத்திருக்கிறான். திருத்துவார்களோ தெரியாது, தொழிற்சங்கத்தில் உறுதி ஒன்றும் சொல்லவில்லை. வாற செவ்வாய்க்கிழமை காலமை பத்தரைக்கு நேரம் தந்திருக்கினம். இரண்டு பேருமாகப் பேணியைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.